கார் ஷெட்டில் ஐந்தாவது பாயிண்ட்

கடலூர்,
சித்திரை 7

அன்பு மகன் செம்பியனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் சரியில்லை, நாங்கள் முகம் பார்த்துப் பேசி இன்றோடு நான்கு நாள் ஆகிறது. நீயும் ரேகாவும் குழந்தை சிந்துஜாவும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தில்லைக் காளியம்மனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதி அனுப்புகிறாள் என்று பயந்துவிடாதே. போனில் பேசலாம் என்றால் உன் அப்பா ‘ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்’ என்று பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார், வாட்ஸப்பில் அனுப்பலாம் என்றால் என் போனுக்கு வருவதை எனக்கு முன்னால் அவர்தான் படிக்கிறார். அதனால் பக்கத்து வீட்டு சௌந்தரம் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், அவளே தபாலிலும் சேர்த்துவிடுவாள். பொங்கலன்று அப்பா குளிக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனில் என்னிடம் சொன்னாயே, கனடாவிலேயே வீடு வாங்கிவிட்டோம், குடியுரிமைக்கும் எழுதிப் போட்டுவிட்டோம், இனி ஊரோடு வந்து இருக்கிற எண்ணம் இல்லை, ‘அப்பாகிட்ட இப்ப சொல்லாதம்மா, நேரம் பாத்து நானே சொல்றேன்’ என்று, அந்த விஷயமாகத்தான் இந்தக் கடிதம். நேராக அதை எழுத எனக்கு வரவில்லை தம்பி. நம் கார் ஷெட்டில் பிளக் பாயிண்ட் போட்ட கதையிலிருந்து ஆரம்பித்தால்தான் உனக்கு விளங்கும்.

அந்த ஷெட் எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. நீ கிளம்புகிற வருஷம் ‘ரெண்டே வருஷம்பா, திரும்பி வந்ததும் கார் வாங்கிடுவேன், நிறுத்த எடம் வேணும்ல’ என்று ஏதோ பேச்சுக்குச் சொன்னாய். நீ விமானம் ஏறி ஆறு மாதத்துக்குள் அப்பா வாசல் பக்கமிருந்த என் செம்பருத்தியையும் மருதாணியையும் வெட்டிப் போட்டுவிட்டு ஷெட்டைக் கட்டி ஷட்டரும் மாட்டிவிட்டார். அது ஆகிறது ஏழு வருஷத்துக்கு மேல். இதுவரை அதில் ஒரு கார் நின்றதில்லை. அவருடைய பழைய சைக்கிள்கூட வெளியே வெயிலில்தான் காய்கிறது. ஏங்க, இதையாவது உள்ளே விடக் கூடாதா என்று கேட்டால், செம்மங்குப்பத்துக் கம்பெனியில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்த புத்தி போகுமா, ‘வர வேண்டிய சரக்குக்கு எடத்த காலியா வெச்சிருக்கணும் மங்கலம், வந்தப்புறம் எடம் தேடிகிட்டு நிக்கக் கூடாது’ என்பார். வாரம் தவறாமல் பெருக்கித் தண்ணீர் தெளித்து ஷட்டரை இறக்கிவிட்டு வருவார். உள்ளே ஒரு பல்பு, அதற்கு ஒரு சுவிட்ச், அதைத் தவிர ஒரு பிளக் பாயிண்ட் கிடையாது.

போன வருஷம் நானும் சௌந்தரமும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்புக்கு யூனிபாரம் தைத்துக் கொடுத்தோம் என்று சொன்னேன் அல்லவா, தையல் பிடித்துப்போய் இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நீங்களே தைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஜூன் பிறப்பதற்குள் முடிக்க வேண்டும். மோட்டார் மிஷின் இரண்டு, ஓவர்லாக் ஒன்று, அயர்ன் பாக்ஸ் ஒன்று, இத்தனையும் ஹாலில் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினால் என்ன ஆகும், அயர்ன் பாக்ஸைப் போட்டதும் வீடே இருண்டுவிடும், அப்பாவின் டிவியும் சேர்ந்து அணையும், ‘ஒரு நியூஸ் கேக்க விட மாட்டேங்கறீங்க’ என்று அவர் ஒரு பக்கம் கத்துவார். ஒரு நாள் சௌந்தரம் அந்த வயரில் கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். ஷெட் சும்மாதானே கிடக்கிறது, நாலு பாயிண்ட் போட்டுக் கொடுத்தால் நாங்கள் அங்கே போய்விடுகிறோம், உங்களுக்கும் நிம்மதி எங்களுக்கும் நிம்மதி என்று ஐப்பசியிலேயே கேட்டேன்.

கேட்டது ஐப்பசி, இப்போது சித்திரை. நடுவில் அவர் சொன்ன சாக்குகளைக் கேள். முதலில் ‘அடமழையில சுவத்தக் கொத்தனா ஈரம் எறங்கிடும்’ என்றார், சரி, மழை விடட்டும் என்று இருந்தேன். மழை விட்டால் மார்கழி வந்துவிட்டது, ‘பீட மாசத்துல யாராவது சுவத்துல உளி வெப்பாங்களா’ என்றார், அதற்கும் சரி. தை பிறந்ததும் சிதம்பரத்தில் இருக்கிற உன் சித்தப்பா அன்பரசுவிடம் போனில் யோசனை கேட்டார், கேட்க வேறு ஆளா கிடைக்கவில்லை, அவர் ‘அண்ணி, கரண்டு சம்மந்தப்பட்டது எதுவா இருந்தாலும் அக்னி மூலையிலதான் வரணும், மாத்திப் போட்டா வூட்டுல இருக்கறவங்களுக்கு ஆவாது’ என்று எனக்கே பாடம் எடுத்தார். ஷெட்டின் தென்கிழக்கு மூலையில் இருப்பது தண்ணீர்க் குழாய். குழாய்க்கு மேலே கரண்ட் பாயிண்ட் போட்டால்தான் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆகாது என்று நான் எவ்வளவு சொல்லியும் நடக்கவில்லை, குழாயைப் பிடுங்கி வேறு பக்கம் வைக்கவே மாசி முழுக்கப் போயிற்று. பங்குனியில் எலக்ட்ரீஷியன் சார்லஸிடம் சொன்னேன், அவர் ‘பெரிய வெள்ளி முடியட்டும்மா, ஈஸ்டர் ஆனதும் மொத வேல உங்களுதுதான்’ என்றார், அவர் ஒருவர்தான் சொன்ன சொல்லுக்கு வந்து நின்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நம் வீட்டிலேயே இருந்ததை நான் கவனிக்கவில்லை.

சார்லஸ் வந்த அதே நாளில் உன் பவானி சித்திக்குக் கண்ணில் புரை எடுக்கிறார்கள் என்று நான் சிதம்பரம் போக வேண்டியதாயிற்று. போவதற்கு முன்னால் என் தையல் சாக்கட்டியால் சுவரில் நான்கு இடத்தில் பெருக்கல் குறி போட்டுக் காட்டிவிட்டுத்தான் போனேன், தரையிலிருந்து மூன்றடி, மேஜை உயரம், மூலையில் ஒன்று, நீள வாக்கில் மூன்று. இரண்டு நாள் சித்திக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, அன்பரசுவின் வாஸ்துப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு, மூன்றாம் நாள் பஸ் பிடித்து வந்து ஷட்டரைத் தூக்கிப் பார்த்தால் என் சாக்கட்டிக் குறி நான்கும் அப்படியே இருக்கிறது, பெட்டிகள் நான்கும் என் தலைக்கு மேலே, தரையிலிருந்து ஆறடி உயரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நான் இருக்கிற உயரத்துக்கு விரல் நுனிதான் படுகிறது, அதுவும் எம்பினால். மிஷின் வயர் பாதிச் சுவர்கூட எட்டவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு அப்பா என்னை ஹாலுக்குக் கூட்டிப்போய்க் கதவுக்குப் பின்னால் காட்டினார். 2015 வெள்ளம் வடிந்த அன்று நீ மார்க்கரில் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தாயே, அந்தக் கோடு. அதற்கப்புறம் இரண்டு முறை வெள்ளையடித்தோம், அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் பிரஷ் படக் கூடாது என்று பக்கத்திலேயே நின்றவர் அவர். ஹாலில் அது மூன்றடி. வீட்டைவிட ஷெட்டின் தரை இரண்டரை அடி பள்ளம். இவரும் சார்லஸுமாகக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற மாதிரி டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை உன் கோட்டில் வைத்து, மறு முனையை ஜன்னல் வழியாக ஷெட்டுக்குக் கொண்டுபோய், அங்கே தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே குறித்து, அதற்கு மேலே அரை அடி பாதுகாப்புக்கு விட்டுப் பெட்டி வைத்திருக்கிறார்கள். ‘தண்ணி மட்டம் பொய் சொல்லாது மங்கலம், நம்ம வூட்டுல அந்தக் கோட்டுக்குக் கீழ இனிமே கரண்டே கெடயாது’ என்கிறார், முகத்தில் என்ன பெருமை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ‘ஷெட்டுக்குள்ள ஆறடி தண்ணி நின்னா நான் அங்க உக்காந்து யூனிபாரம் தச்சிகிட்டா இருக்கப் போறேன்’ என்று கேட்டுவிட்டேன். மிச்ச வேலையை முடிக்க வந்திருந்த சார்லஸ் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி வெளியே போய்விட்டார். அப்பாவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. அதிலிருந்து பேச்சு இல்லை.

இப்போது என்ன செய்கிறோம் என்றால் ஸ்டூல் போட்டு ஏறி, அதே பழைய எக்ஸ்டென்ஷன் பெட்டியை மேலே மாட்டிக் கொடி மாதிரி தொங்கவிட்டு அதில்தான் தைக்கிறோம். எந்தப் பெட்டிக்கு விடை கொடுக்க ஆறு மாதம் போராடினேனோ அதுதான் திரும்பவும் கழுத்தில். முட்டி வலியோடு ஒரு நாளைக்குப் பத்து முறை ஸ்டூல் ஏறி இறங்குகிறேன். நீ முட்டிக்கு அனுப்பிய பெல்ட் இங்கே வெயிலுக்கு அரிக்கிறது, கோபித்துக்கொள்ளாதே, மடித்து வைத்திருக்கிறேன். ரேகா தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறாளா, காபி குடித்துவிட்டுப் போட்டால் பிரயோஜனம் இல்லை என்று சொல். குழந்தையிடம் ஒரு நாளைக்கு அரை மணி நேரமாவது தமிழில் பேசுங்கள், போன முறை வீடியோவில் அப்பா ‘சாப்ட்டியா கண்ணு’ என்று கேட்டதற்கு அவள் உன் முகத்தைப் பார்த்தாள், அர்த்தம் என்ன என்று கேட்கிற மாதிரி. அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

முந்தாநாள் அப்பா பென்ஷன் விஷயமாக பேங்குக்குப் போயிருந்தார். இதுதான் சமயம் என்று சார்லஸைக் கூப்பிட்டு இரண்டு பாயிண்டையாவது கீழே இறக்கிக் கொடுங்கள், வந்த பிறகு சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் ஏணியைப் போடுகிற நேரத்தில் மிஷினிலிருந்து ஒரு பாபின் விழுந்து உருண்டு ஷட்டர் பக்கம் போயிற்று. அங்கே ஒரு பழைய பிளைவுட் பலகை சுவரில் சாத்தியிருக்கும், அதன் பின்னால் போய்விட்டது. எடுக்கலாம் என்று பலகையை நகர்த்தினால் சுவரில் இன்னொரு பெட்டி. என் நான்கைவிடப் பெரியது, கனமான பைப், மெயின் போர்டிலிருந்து தனியாக இழுத்துவந்த லைன், தனி டிரிப்பர். உயரம் மூன்றடி. நான் கேட்ட அதே மூன்றடி.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எனக்கென்றால் ஆறடி, இது மட்டும் எப்படி மூன்றடியில், யாருக்கு இது என்று சார்லஸைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏணியிலேயே நின்று தலையைச் சொறிந்தார். ‘அம்மா, சார் சொல்ல வேணாம்னாரு. இனிமே வர்ற காருலாம் கரண்ட்ல ஓடறதுதானாம், தம்பி வந்து கார் வாங்கனா வூட்டுலயே சார்ஜ் போடணும்ல, அதுக்குத்தான் தனி லைனு’ என்றார். அது சரி, வெள்ளம் வந்தால் இது முழுகாதா, டியூப் பிடித்தது எதற்கு என்று கேட்டேன். ‘நானும் அதையேதாம்மா கேட்டேன். வெள்ளம் வந்தா என் புள்ள இங்க இருப்பான்ல, அவன் பாத்துக்குவான்னு சொல்லிட்டாரு’ என்றார்.

ஆறு மாதமாக அவர் சொன்ன மழையும் மார்கழியும் அக்னி மூலையும் எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னை உள்ளே விட்டால் உன் இடம் போய்விடும் என்று ஒவ்வொரு மாதமாகத் தள்ளியிருக்கிறார், இனித் தள்ள முடியாது என்று ஆன பிறகு எனக்கு நான்கு போட்டு உனக்கு ஒன்று போட்டுக்கொண்டார். தினமும் காலையில் காபி குடித்ததும் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஷெட்டுக்குப் போவார், என் பாயிண்டைத்தான் சோதிக்கிறார், மனசு கேட்கவில்லை போலிருக்கிறது என்று நானும் கொஞ்சம் இளகிப்போயிருந்தேன். அவர் பலகையை நகர்த்தி உன் பெட்டியில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கப் போயிருக்கிறார். சார்லஸை ஏணியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். பலகையை இருந்த மாதிரியே சாத்தி வைத்தேன், நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. முதல் இரண்டு நாள் நான் பேசாதது கோபத்தில், இந்த இரண்டு நாள் வாயைத் திறந்தால் எதைச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில்.

உன் மேல் எனக்குக் கோபம்தான், ஒளிக்க விரும்பவில்லை. வெளியூரில் இருக்கிறாய் என்பதற்காக இல்லை, நீ அங்கே நன்றாக இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான், வீடு வாங்கியதற்குக்கூட நான் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன், சொல்ல விட்டாயா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டாய். நேரம் பார்க்கிறேன் என்றாய், தை போய் மாசி போய் பங்குனியும் போய்விட்டது, எந்தப் பஞ்சாங்கத்தில் பார்க்கிறாய், உன் சித்தப்பாவிடமா கேட்கிறாய். எனக்கும் அது லேசான செய்தி இல்லை. அப்பா சொம்பை எடுத்துத் தலையில் ஊற்றி முடித்துத் துண்டு கட்டிக்கொண்டு வருவதற்குள் எனக்குச் சொல்லி முடித்துவிட்டாய், நான் அழக்கூட நேரம் இல்லை, பொங்கல் பானை பொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ போனில் ‘அடுத்த வருஷம் பாக்கலாம்பா’ என்று சொல்கிறபோதெல்லாம் அவர் முகம் மலர்கிறதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ சொன்ன அந்த வார்த்தையை நம்பித்தான் அந்தப் பெட்டியைப் போட்டிருக்கிறார்.

அதனால் நீ சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன், என்னால் ஆகாது, நான் சொன்னால் அது உன் அம்மா மூட்டிவிட்ட கதையாகிவிடும். வருஷத்துக்கு ஒரு முறை வந்து போவேன் என்றால் அதைச் சொல், ஊரோடு வர மாட்டேன் என்றால் அதையும் சொல், இரண்டையும் குழப்பிச் சொல்லாதே, உன் அப்பாவுக்கு எதையும் தனித்தனி ரேக்கில் வைத்தால்தான் புரியும். தாங்குவாரா என்று யோசிக்காதே. அந்த வெள்ளத்தில் நீ ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக ஃபிரிட்ஜைத் தூக்கி மேஜை மேல் வைத்தீர்களே, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்த மனுஷன் அவர், தாங்குவார். இல்லாத காருக்குக் கரண்ட் வருகிறதா என்று விடிந்ததும் டெஸ்டரோடு போகிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சித்தி கண் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லச் சொன்னாள். சௌந்தரம் உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்கிறாள், இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை, நல்லவள். உனக்கும் ரேகாவுக்கும் குழந்தைக்கும் நோய் நொடி இல்லாத நீண்ட ஆயுசும், வாங்கிய வீட்டில் குறைவில்லாத வாழ்வும் தரும்படி பாடலீஸ்வரரை வேண்டி உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதம். புது வீட்டு வாசலில் குனிந்து ஒரு கோலமாவது போடச் சொல், பனியில் எங்கே போடுவது என்று ரேகா கேட்பாள், உள்ளே போடட்டும்.

மறக்காதே, இந்தக் கடிதம் கிடைத்த மறு ஞாயிறு என் போனுக்குக் கூப்பிடாதே, அப்பா போனுக்கே கூப்பிடு. ஸ்பீக்கரில் போட நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், இங்கே சௌந்தரம் வீட்டில்தான் இருப்பேன். பேசி முடித்ததும் அவர் ஷெட்டுக்குத்தான் போவார், போகட்டும், கொஞ்ச நேரம் கழித்து நான் காபி எடுத்துக்கொண்டு போகிறேன். அந்தப் பெட்டியை எடுப்பதா வைத்திருப்பதா என்று அவரே முடிவு பண்ணட்டும், எடுங்கள் என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். எடுக்காவிட்டால் அதில் அயர்ன் பாக்ஸ் போட்டுக்கொள்கிறேன், உயரம் எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு
உன் அம்மா
க. மங்கலம்